சென்னியப்பன் கண்ணால் கண்டது

தனக்குத் தெரியாதது என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாகச் சென்னியப்பன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மாட்டுத் தரகராக இருந்த காலத்தில் பல்லைப் பிடித்துப் பார்க்காமலே மாட்டின் வயதைச் சொல்லுவார். பிறகு மஞ்சள் வியாபாரத்துக்கு வந்து, ஈரோட்டுக்குப் பக்கத்தில் கிடங்கு கட்டியபோது அந்தக் கண்ணையும் வாயையும் கூடவே கொண்டுவந்தார். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கத்தையும் விடவில்லை. வேலையாட்கள் காதில் விலை விழாமல் இருக்க, மகனுக்கும் மச்சினனுக்கும்கூட அதைப் பழக்கிவிட்டார். "நான் பாத்தா பாத்ததுதான்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அப்படிப்பட்டவர், ஒரே ஒரு காட்சியை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஆறு மாதமாகச் சாமியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். கிடங்கில் மஞ்சள் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். அதற்கு அட்டி என்று பெயர். அன்று காலை அட்டியின் உச்சியில் நின்று இரண்டு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவர் மகன் யுகேந்திரன். இன்னொருவர் அவர் மனைவி தெய்வானையின் தம்பி மயில்சாமி, கிடங்கில் பாதிப் பங்குக்காரர். விலை ஏறட்டும், பொறுப்போம் என்பது மாமன் கட்சி. இன்றைக்கே விற்றுத் தொலைப்போம் என்பது மருமகன் கட்சி. ஆட்கள் வாசலில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, கீழே, சென்னியப்பன் மட்டும் நின்றிருந்தார். அவர் அண்ணாந்து பார்த்தபோது மகன் இரண்டு கையாலும் மாமன் நெஞ்சில் தள்ளினான். மயில்சாமி மல்லாந்து சிமெண்ட் தரையில் விழுந்தார்.

உயிர் தப்பியதே பெரிய விஷயம். இடுப்பெலும்பு நொறுங்கி, மண்டையில் அடிபட்டு, பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த அவர் மனைவி சாந்தாமணி, "என்ற புருசனத் தள்ளிப்போட்டானே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள்தான் புகார் கொடுத்தாள். கொலை முயற்சி வழக்கு. யுகேந்திரன் ஜாமீனில் வந்தான். சென்னியப்பன் போலீசிடம், "விழுந்ததைத்தான் பாத்தனுங்க" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார். தெய்வானை ஆஸ்பத்திரிக்குத் தம்பிக்கு ஒரு தூக்குச் சோறும், வீட்டில் மகனுக்கு ஒரு தட்டுமாகச் சமைத்துப்போட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலை அவளுடையது.

பழைய காலமாக இருந்திருந்தால் சாட்சிக் கூண்டில் ஏறி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இப்போது எல்லா மாவட்ட நீதிமன்றத்திலும் சல்லடை வந்துவிட்டது. அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையாது. ஜனங்கள் சல்லடை என்றுதான் சொன்னார்கள். தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்ததை நினைத்தால் போதும். அந்த ஞாபகத்தில் புலன் வழியாக வந்தது எது, அடுத்தவர் சொல்லி வந்தது எது, மனசு தானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துத் திரையில் காட்டிவிடும். புலன் வழியாக வந்தது மட்டும்தான் சாட்சி என்று சட்டமும் வந்துவிட்டது.

அந்தச் சட்டத்தால் நாட்டில் நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. பேருந்து நிலையத்துக்கு எதிரே தனியார் சல்லடைக் கடைகள் முளைத்தன. தான் பிறந்த தேதி தனக்கு வெறுமே அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான் என்று கண்டுபிடித்து ஒருவர் ஜாதகத்தைக் கிழித்துப்போட்டார். பூமி உருண்டை என்று நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர், தனக்கு அது தெரியவே தெரியாது என்று திரையில் பார்த்துவிட்டு நீண்ட விடுப்பில் போனார். சிரிப்பதற்கு மட்டுமான கதைகளும் அல்ல. என் மனைவிக்கு என்மேல் ஆசை உண்டு என்ற நினைப்பை ஒருவன் சல்லடையில் போட்டுப் பார்த்தான். அத்தனையும் மனசு சேர்த்தது என்று வந்தது. அதற்குப் பிறகு அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரும் நேரில் பார்க்காத திருடர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

போன விசாரணையில் மயில்சாமியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து தொப்பியை மாட்டினார்கள். "மருமகன் தள்ளினான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்று அவர் சத்தியம் செய்தார். திரையில் அந்தத் தள்ளல் முழுக்க நீலமாக வந்தது. நீலம் என்றால் அடுத்தவர் சொல்லிக் கேட்டது. அது மட்டுமா? நீலத்துக்குள் தள்ளுகிற யுகேந்திரன் பட்டுச் சட்டையும் கழுத்தில் மாலையுமாக இருந்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் சாந்தாமணி திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டு, மயில்சாமியின் மனசு வீட்டில் மாட்டியிருந்த கல்யாணப் படத்திலிருந்து மருமகனை எடுத்து அங்கே நிறுத்திவிட்டது. நீதிமன்றத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மயில்சாமி சிரிக்கவில்லை, அழுதார்.

ஆக, மீதியிருந்த ஒரே சாட்சி சென்னியப்பன். குற்றம் சாட்டப்பட்டவனைச் சல்லடையில் உட்காரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதும் சட்டம். உன் மடியில் கனமில்லையென்றால் நீயே உட்கார்ந்துவிடேன் என்று வக்கீல் கெஞ்சிப் பார்த்தார். யுகேந்திரன் முடியாது என்று ஒரே பிடியாக நின்றான். இதைவிட வேறென்ன ஒப்புதல் வேண்டும் என்று சென்னியப்பன் முடிவுகட்டிக்கொண்டார். அப்பனும் மகனும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஆறு மாதமாக அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை.

விசாரணை நாளன்று அவரைத் தயார்செய்ய வந்தவள் பெனாசிர் என்ற சின்னப் பெண். சல்லடையை இயக்குவது அவள் வேலை. நீதிமன்றத்துக்குப் பக்கத்து அறையில் அவர் நெற்றியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்கய்யா. இது பொய் பிடிக்கிற மெஷின் இல்ல. நீங்க உண்மைன்னு நம்புறத வகைவகையா பிரிக்கும், அவ்வளவுதான். கண்ணு, காது, மூக்கு, நாக்கு, தோலு, இது வழியா வந்தது அப்படியே நெறத்தோட வரும். அடுத்தவங்க சொன்னது நீலம். மிச்சம் சாம்பல்."

"மிச்சம்னா?"

"இதனாலதான் அது நடந்துச்சு, இவன் கோவத்துல செஞ்சான், அவன் அப்படிப்பட்ட ஆளுதான். இதெல்லாம் வெளியில இருந்து வராதுங்கய்யா. நாமளே போட்டுக்கிறது."

சென்னியப்பன் தயங்கினார். அவரிடம் ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. சம்மன் வந்த நாளிலிருந்து தினமும் பல் தேய்க்கும்போது, மகன் மாமனைத் தள்ளாமல் தாவிப் பிடிக்கிற மாதிரி நினைத்து நினைத்துப் பழகியிருந்தார். நினைப்பு முற்றி ஞாபகமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். ஒரு ஆளு வேற மாதிரி நெனச்சு நெனச்சுப் பழகிட்டான்னா?"

"நிறைய பேரு பழகிட்டு வருவாங்க. அது சாம்பல்ல தனியா வந்து நிக்கும். ஜட்ஜம்மா அதைப் பாத்ததும் கண்டுபிடிச்சிருவாங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தொப்பியின் வாரை இறுக்கினாள். நல்ல பெண்.

திட்டம் அத்தோடு போயிற்று. மனுசனுக்கு எரிச்சல் வந்தது. "இது சரியாத்தான் பிரிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பயிற்சியில எங்க சார் சொன்னாருங்க."

"அப்ப அது நீலம்."

பெனாசிர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஆமாங்கய்யா. அதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

நீதிமன்றம் நிறைந்திருந்தது. யுகேந்திரன் கூண்டில் தலை குனிந்து நின்றான். முன்வரிசையில் மயில்சாமியும் சாந்தாமணியும். சாந்தாமணி ஆறு மாதமாக இந்தக் குடும்பத்து ஆட்களை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இன்றைக்கும் சுவரைத்தான் பார்த்தாள். நீதிபதி சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த அம்மாள். "நினைச்சுப் பாருங்க" என்று அவர் சொன்னதும், சென்னியப்பன் நினைக்காமல் இருக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் இருக்க முடியும்? கடைசியில் அந்தக் காலை தானாக வந்துவிட்டது.

திரையில் கிடங்கு தெரிந்தது. கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம், லாரிச் சத்தம், மேலே இருவர் குரல். கீழே அவருடைய சொந்தக் கைகூடத் தெரிந்தது. ஒரு கையில் மூட்டையைக் குத்திச் சரக்குப் பார்க்கும் குத்தூசி, இன்னொன்றில் ஒரு பிடி மஞ்சள். பிறகு பார்வை மேலே போனது. யுகேந்திரனின் முதுகு. அதற்குப் பின்னால் பாதி மறைந்து மயில்சாமி. மகனின் தோளிலிருந்த துண்டு சரிந்து வலது கைமேல் விழுந்தது. அந்த ஒரு கை முன்னால் நீண்டது.

அதற்கப்புறம் திரை முழுக்கச் சாம்பல்.

சாம்பல் விலகியபோது மயில்சாமி காற்றில் இருந்தார். அவருடைய உள்ளங்கால் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம்.

சென்னியப்பன் தொப்பியோடு முன்னால் சாய்ந்தார். இரண்டு கை எங்கே? நெஞ்சில் பட்ட அடி எங்கே? இத்தனை நாளும் கண்ணை மூடினால் வந்து நின்ற காட்சி அது. மகனின் பத்து விரலையும் அவரால் எண்ண முடிந்தது. அது திரையில் இல்லவே இல்லை. முதுகு மறைத்த இடத்தை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அரசு வக்கீல் மெதுவாக ஓட்டச் சொன்னார். மறுபடியும் கை நீண்டது, மறுபடியும் சாம்பல்.

"அந்த இடத்துல என்னம்மா இருக்கு?" என்று நீதிபதி கேட்டார்.

"சாட்சியோட முடிவு இருக்குங்க மேடம்" என்றாள் பெனாசிர். "கை நீண்டது பாத்தது. அவர் விழுந்தது பாத்தது. இதனாலதான் அதுங்கறது பாத்ததுல இல்ல."

அப்போதுதான் சென்னியப்பனுக்கு அந்தத் துண்டு உறைத்தது. கை மேல் துண்டு. அவருடைய கண் அன்றைக்கே அதைப் பார்த்திருக்கிறது; கோபக்காரப் பையன் தள்ளத்தான் போகிறான் என்று முன்கூட்டியே முடிவுசெய்திருந்த மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் துண்டுக்கடியில் கைவிட்டுப் பிழைத்த ஆள், சொந்த மகன் போட்ட துண்டைத் தவறவிட்டிருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மேல் ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, துண்டு போட்டிருக்கறானுங்க. அது தள்றதுக்கு இல்லீங்க. வெல பேசறதுக்குங்க. எங்க பக்கம் கையில துண்டப் போட்டு நீட்டுனா, வா பேசி முடிச்சுக்கலாம்னு அர்த்தமுங்க. தள்றவன் எவனாச்சும் துண்டப் போட்டுட்டுத் தள்ளுவானுங்களா?"

"விலை பேசினதைப் பார்த்தீங்களா?"

"பாக்கலீங்க. ஆனா அதுக்குத்தானுங்க."

நீதிபதி திரையைக் காட்டினார். அவர் பேசப் பேசத் துண்டைச் சுற்றிப் புதிதாகச் சாம்பல் படர்ந்துகொண்டிருந்தது. "அதுவும் சாம்பல்தான் ஐயா. உட்காருங்க."

கூட்டம் சிரித்தது. சென்னியப்பனும் உட்கார்ந்தார். மகனைக் காப்பாற்ற அவரிடமிருந்த ஒரே நல்ல விளக்கத்தைச் சட்டம் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மகனை மாட்டிவிட இருந்த பொல்லாத விளக்கத்தையும் அதே சட்டம் அதே தட்டில் தள்ளிவைத்துவிட்டது. தள்ளியதை யாரும் பார்க்கவில்லை, தள்ளியதாகச் சாட்சியமே இல்லை, விடுதலை. பிற்பகலுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

வக்கீல் தீர்ப்பு நகல் வாங்கப் போனார். அப்பனும் மகனும் நீதிமன்றக் கேன்டீனுக்கு வெளியே புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கினார்கள். தெய்வானைக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். போனை வைத்த பிறகு சென்னியப்பனுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டதுபோல இருந்தது. ஆனால் முழுதாக இறங்கவில்லை. சாட்சியம் இல்லை என்பது வேறு, தள்ளவில்லை என்பது வேறு. துண்டைப் பற்றி அவர் நினைப்பதும் சாம்பல்தான் என்று அந்தம்மாள் சொல்லிவிட்டாரே. பார்த்துத் தெரிந்துகொள்ள இனிமேல் ஒன்றும் மிச்சமில்லை. கேட்க மட்டும்தான் முடியும்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மகனிடம்.

"கேளுங்கப்பா."

"நீ உங்க மாமனத் தள்ளுனியா?"

யுகேந்திரன் டீயைக் கீழே வைத்தான். "இல்லீங்கப்பா. ஆளுக காதுல விழுது, கையில பேசிக்கலாம் வாங்க மாமான்னு துண்டப் போட்டேன். கை அவர்மேல படறதுக்குள்ள ஆளக் காணோம்."

அவ்வளவுதான் அவன் சொன்னது. எந்தச் சல்லடையில் போட்டாலும் அது சென்னியப்பனுக்கு நீலம்தான். எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. ஆனால் கிடங்கு, வெளிச்சம், உள்ளங்கால் எல்லாவற்றையும்விட அது அவருக்குள் உறுதியாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறு மாசமா அப்படியாங்கப்பா நெனச்சிட்டிருந்தீங்க?"

"நெனக்கலடா. பாத்ததாவே இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமுங்கல்ல?"

"ஆமான்னு சொல்லிப்போட்டீன்னா நான் எங்க போறது? அதுவும் நீ சல்லடையில உக்கார மாட்டேன்னு நின்ன. வேற என்னத்த நெனப்பேன்?"

யுகேந்திரன் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினான். "அது உங்களுக்காவத்தானுங்க."

"எனக்காவவா?"

"நான் மேல இருந்து பாத்தது நீங்க கீழ் மூட்டையில குத்தூசி போட்டு இழுத்ததத்தான். கொஞ்ச நேரத்துல கால் அடியில அட்டி ஆடுன மாதிரி இருந்துச்சு. மாமன் விழுந்தாரு. சல்லடையில உக்காந்தா அது வெளிய வந்து உங்களப் புடிச்சிருவாங்களேன்னு..." அவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். "நானே ஜெயிலுக்குப் போயிட்டு வந்தர்றேன்னு இருந்தேன்."

சென்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. "ஏன்டா, ஒரு பிடி மஞ்சள் எடுத்ததுக்கு அத்தனை மூட்டை ஆடுமா? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையால்ல இருக்குது. மூட்டை ஒண்ணாவது சரிஞ்சுதா?"

"இல்லீங்க." அவன் யோசித்தான். "நெசமாவே ஒண்ணுகூடச் சரியலீங்க."

"அப்ப எதுக்குடா ஆடுச்சுங்கற?"

"ஆடுன மாதிரித்தான் இருந்துச்சுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்பன் கணக்கில் காக்கை மகன், மகன் கணக்கில் காக்கை அப்பன் என்று ஆறு மாதம் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேன்டீன்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது யுகேந்திரன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சென்னியப்பன் அவன் முதுகில் கையை வைத்து அப்படியே வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மயில்சாமி சக்கர நாற்காலியில் வந்தார். தள்ளிக்கொண்டு வந்த சாந்தாமணி கொஞ்சம் தள்ளியே நிறுத்தினாள். கூப்பிடுவதா வேண்டாமா என்று நாலு பேருக்கும் தெரியவில்லை.

"மாமா" என்று மயில்சாமிதான் தொடங்கினார். "நான் பொய் சொல்லலீங்க. எனக்கு நெசமாவே அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு."

"எனக்கும்தான் மாப்ள" என்றார் சென்னியப்பன்.

மயில்சாமி அவரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், அதன் பொருள் அவருக்கு மெல்ல விளங்கியது. பெருமூச்சு விட்டார். "அப்ப நான் எப்படித்தானுங்க விழுந்தேன்?"

யுகேந்திரன் தலையை ஆட்டினான். "எனக்குத் தெரியலீங்க மாமா."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். காலையில் வெறும் வயிறாக இருந்திருக்கும், மயக்கம் வந்திருக்கும், சாக்கு வழுக்கியிருக்கும், கால் மரத்துப்போயிருக்கும். சொல்வதற்கு அவரிடம் எத்தனையோ இருந்தன. எதைச் சொன்னாலும் இவர்கள் நம்பவும் நம்புவார்கள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார்.

"தெரியாது மாப்ள" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக, உடம்பு லேசாக இருந்தது.

இப்போது மூன்று பேரும் சாந்தாமணியைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓடிவந்து கதவருகில் நின்று அவள் முதலில் பார்த்தது என்ன? கீழே கிடந்த புருஷன், மேலே நின்ற யுகேந்திரன். அவ்வளவுதான். அதை அவள் ஆறு மாதத்தில் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பாள். சுவரைப் பார்ப்பதற்கு அங்கே சுவரும் இல்லை.

"எனக்கும் தெரியாதுங்கண்ணா" என்றாள் கடைசியில், சென்னியப்பனின் முகத்தைப் பார்த்து.

யுகேந்திரன் எழுந்து போய் அத்தையின் கையிலிருந்து நாற்காலியை வாங்கினான். பெஞ்சுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினான். அவள் தடுக்கவில்லை.